கண்ணிமை மயிரால் தொட்ட புழு

முதலில் ஆடியது இடது கால் பெருவிரல். தூத்துக்குடி துறைமுகத்தில் நிலக்கரி ஏற்ற லாரியோடு வரிசையில் நின்றிருந்தேன். நிறுத்தப் பார்த்தேன், விரல் கேட்கவில்லை.

என் அப்பா சங்கு குளித்தவர். அவருக்கும் இப்படித்தான் தொடங்கியது. பிறகு கை, கழுத்து, கடைசியில் பேச்சு. ஆழத்தில் மூச்சடக்கியவனைக் கடல் பிடித்துக்கொள்ளும் என்று எங்கள் தெருவில் நம்பினார்கள். அதனால் அம்மா என்னைக் கடலில் இறங்க விடவில்லை. எட்டாம் வகுப்போடு லாரியில் ஏற்றிவிட்டாள். முப்பது வருடம் ஊர் ஊராகச் சுற்றினேன். முழங்காலுக்கு மேல் கடல்நீர் பட்டதில்லை.

"கடலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல," என்றார் மதுரை டாக்டரம்மா.

ஹண்டிங்டன் நோய் (மூளை நரம்பணுக்கள் மெல்ல அழியும் பரம்பரை நோய்). குணமாக்க மருந்து இல்லை; ஆட்டத்தைக் குறைக்க மாத்திரை உண்டு. பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பக்கத்தில் என் மகள் ஜெனிட்டா இருந்தாள், பத்தொன்பது வயது. பரிசோதனை செய்வதா என்று அவள்தான் முடிவெடுக்க வேண்டும் என்றார்.

அவருக்குத் தெரிந்த ஆய்வுக்கூடத்தில் புழுக்களைக் காட்டினார்கள். மணல் அளவு, கண்ணாடி உடம்பு. சிலவற்றின் மரபணுவில் (பிறவியிலேயே உடம்புக்குள் இருக்கும் குறிப்பு) என் நோயின் பிழையை வைத்திருந்தார்கள். ஆராய்ச்சி செய்யும் பெண் குச்சி நுனியில் தன் கண்ணிமை மயிரை ஒட்டியிருந்தாள். அதைக்கொண்டு பிழையில்லாத ஒரு புழுவின் வாலைத் தொட்டாள், நெளிந்து ஓடியது. பிழையுள்ளதைத் தொட்டாள். அது அசையவில்லை. செருப்பில் என் பெருவிரல் அசைந்தது.

"நான் ஒருக்கா தொடட்டா?" என்றாள் ஜெனிட்டா.

"ஏளா, வேண்டாம்."

"சும்மா இருங்கப்பா. உங்க சொக்காரன்தான, சொந்த ரத்தம்!"

சிரித்துக்கொண்டே தொட்டாள். புழு கிடந்தபடி கிடந்தது. மறுபடி தொட்டாள். சிரிப்பு நின்றுவிட்டது.

திரும்பும் பஸ்ஸில், "டெஸ்ட் இப்ப வேண்டாம். தெரிஞ்சிக்கணும்னு தோணும்போது நானே போறேன்," என்றாள். இதே நோய் உள்ள வீட்டாரே, பிள்ளைகளை வற்புறுத்தாதீர்கள். ஆனால் கண்ணை அடக்குவது கஷ்டம். அவள் பொத்தான் போடுவதையும் படி இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

நேற்று அரை டம்ளர் டீ நீட்டினாள்.

"என்னையப் பாக்காதீங்க. டீயப் பாருங்க."

பார்த்தேன். டீயில் வளையம் வளையமாகச் சிற்றலை. டம்ளரை இரண்டு பேரும் பிடித்திருந்தோம். அலை யார் கையிலிருந்து வருகிறது என்று அறிய, நான் கையை எடுத்தாலே போதும். எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. டீ ஆறி ஆடை படிந்தது.