மூன்றாவது பெயர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிப்பவள் நான். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்புத் தோட்டத்தில் பேய் அழுகிறது என்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது, தனியாகப் போய்ப் பார்த்து, அது பம்ப்செட் பெல்ட் தேய்கிற சத்தம் என்று எழுதிய நிருபர் நான்தான். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை. உங்கள் இடத்தில் நானும் நம்பமாட்டேன்.

சென்னையில் ஒரு பல்கலைக்கழகம் எனக்கு ஃபெலோஷிப் கொடுத்திருந்தது. பாதி ஆயுளைப் பத்திரிகையில் தேய்த்தவர்கள் ஒரு வருடம் உட்கார்ந்து படிக்கலாம், ஆனால் அந்த வருடம் முழுக்க ஒரு வரி செய்தி எழுதக்கூடாது. என் ஆய்வுத் தலைப்பு, வதந்தி எப்படிச் செய்தியாகிறது என்பது. சிரிக்காதீர்கள்.

செல்வத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பத்திரிகையின் திண்டிவனம் நிருபர், எனக்குக் கூடப்பிறக்காத தம்பி. நெடுஞ்சாலையில் எங்கே விபத்து என்றாலும் அவன்தான் முதலில் போய் நிற்பான். எனக்குப் போன் போட்டு, "அக்கா, எழுதிக்குங்க" என்று ஆரம்பித்து இடம், வண்டி, பெயர், ஊர் என்று மூச்சுவிடாமல் கொட்டுவான். இறந்தவர் பெயர் கிடைக்காமல் அவனும் இடத்தை விட்டு நகரமாட்டான், நானும் விடமாட்டேன். 'அடையாளம் தெரியாத நபர்' என்று எழுதுவது எங்கள் இருவருக்கும் ஆகாது.

ஆய்வு வேலையாக விழுப்புரம் வீட்டுக்கு வந்திருந்தேன். மதியம் தட்டின் முன் உட்காரும்போது அவன் போன்.

"அக்கா, எழுதிக்குங்க. ஒலக்கூர் கூட்ரோடு. ஷேர் ஆட்டோ மேல லாரி. மூணு பேரு ஸ்பாட் அவுட்டு."

"டேய், நான் படிச்சிக்கினு இருக்கேன்டா. நியூஸ் எழுதக்கூடாது."

"எழுதிக்குங்க அக்கா. சரோஜா, தேவகி. ரெண்டு பேரும் கடலைக் கொல்லையில மல்லாட்டை ஆயப் போனவங்க."

அவனுக்குப் பின்னால் ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். சாவு விழுந்த இடத்தில் யார் இப்படிச் சிரிப்பது என்று எரிச்சலாக இருந்தது. மூன்றாவது பெயரைக் கேட்டேன்.

"அது உங்களுக்குத் தெரிஞ்ச ஆளுதான் அக்கா."

லைன் போய்விட்டது. பெயர் இல்லாமல் சோறு இறங்குமா? திருப்பிக் கூப்பிட்டேன். வாயில் சோற்றோடு எடுத்தான்.

"இன்னா அக்கா, சாப்ட்டுக்கினு இருக்கேன்."

"மூணாவது பேர சொல்லுடா."

"எந்த மூணாவது? நான் எங்க உங்களுக்குப் போன் பண்ணேன்?"

விளையாடுகிறான் என்று நினைத்துத் திட்டினேன். அவன் சொன்னதையெல்லாம் அவனிடமே திருப்பிச் சொன்னேன். போலீஸ் ஸ்டேஷனில் கேட்டுவிட்டுக் கூப்பிட்டான்.

"அப்பிடி எதுவும் இல்லக்கா. எவனாச்சும் பேஜார் பண்றானோ என்னவோ. எதுக்கும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுறேன், இல்லன்னா தூக்கம் வராது."

போகாதே என்று நான் ஏன் சொல்லப்போகிறேன்? நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

வெயில் தாழ்ந்தபோது மறுபடி பேசினான். "ஒலக்கூர்ல ஒண்ணுமே இல்லக்கா, ரோடு காலியா கீது. ஒரு வண்டில ஏறிட்டேன், திரும்பி வந்துக்கினு இருக்கேன்." பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. "சரிடா, ஜல்தி வீட்டுக்குப் போ" என்றேன். அப்போது அவனுக்குப் பின்னால் ஒரு பெண் சிரித்தாள். மதியம் கேட்ட அதே சிரிப்பு. அதை நான் உணர்ந்து வாயைத் திறப்பதற்குள் அவன் வைத்துவிட்டான். திரும்பத் திரும்ப அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை.

இருட்டுகிற நேரத்தில் திண்டிவனத்திலிருந்து இன்னொரு நிருபர் கூப்பிட்டார். அழுதுகொண்டே பேசினார். "அக்கா, நம்ம செல்வம்... ஷேர் ஆட்டோவுல லாரி மோதிடுச்சி. கூட சரோஜா, தேவகின்னு ரெண்டு பொம்பளைங்க. அவன் வயசு தெரியுமா அக்கா? செய்திக்கு வேணும்."

வயதைச் சொன்னேன். அந்த வருடம் நான் கொடுத்த ஒரே செய்தி அதுதான்.

நம்புங்கள், நம்பாமல் போங்கள், அந்த மதிய அழைப்பு என் போனில் அவன் எண்ணிலிருந்து வந்ததாக இன்னும் இருக்கிறது. அவன் போனை வாங்கிப் பார்த்தேன். அன்று மதியம் அவன் எனக்குக் கூப்பிட்டதாகவே இல்லை. ஆய்வை ஒருவழியாக முடித்துக் கொடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று பேராசிரியர்கள் பாராட்டினார்கள். இதை அதில் எழுதவில்லை.

செல்வத்தின் மனைவி கலா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்கிறாள். "அன்னிக்கி ஒலக்கூர்ல எந்த நியூசும் இல்லியே அக்கா. எதுக்கு அங்க போனாரு?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.