வாசலில் நின்ற பேச்சி

“கோடரிய யாரு எடுத்தது?”

தாளில் ‘பூசாரி’ என்ற வரிக்கு எதிரே ஆறு இருந்த இடம் ரப்பர் தேய்த்து வெளுத்திருந்தது. அதன்மேல் ஒன்று என்று புதிதாக எழுதியிருந்தது. சுடலைக்கண்ணன் அந்த ஒன்றின்மேல் விரலை ஊன்றினான். காலையில் பார்த்த லிஃப்டின் கிரீஸ் நகக்கண்ணில் அப்படியே இருந்தது.

“மொதல்ல உக்காரு எஸ்.கே. காபி வரது,” என்றான் அஷ்வத்.

ஆட்டத்தை நடத்துகிறவன் அவன். ஞாயிறு மதியம்தோறும், மாதுங்காவில், அவன் வீட்டு நாலாவது மாடிக் கூடத்தில். பகடை, பென்சில், ஆளுக்கொரு தாள். தாளில் இருப்பதுதான் அவரவர் ஆடும் ஆள். குகையும் பூதமும் சண்டையும் வாயால் சொல்வது. வெட்டு விழுந்ததா இல்லையா என்று பகடை சொல்லும்.

சுடலைக்கண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருடம் முன்பு இந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்க்க வந்தவன், திறந்திருந்த கதவுக்குள் மூன்று பேர் ஒரு கவசத்தின் பலத்தைக் கூட்டத் தெரியாமல் கத்திக்கொண்டிருப்பதைக் கேட்டு நின்றான். “ஒங்க கணக்கு தப்பு,” என்றான். அன்று உள்ளே வந்தவன்தான். தாராவியிலிருந்து வேலைக்குப் போகிற பஸ்ஸில் நின்றபடியே ரூல் புத்தகம் முழுவதையும் செல்போனில் படித்து முடித்தான். மானசா ஆடும் மந்திரக்காரியைத் தாளில் கட்டிக்கொடுத்தது அவன். அல்தாப்பின் திருடனைக் கட்டிக்கொடுத்ததும் அவன். பதிலுக்கு அவனுக்குக் கிடைத்தது முன்வரிசை. “தூ ஆகே கடா ரெஹ், பஸ்,” என்பான் அல்தாப். நீ முன்னால் நின்றால் போதும்.

முன்னால் நிற்பவன்தான் முதலில் சாவான். ஆகவே சாகாத ஒருத்தியைக் கட்டினான். பேர் பேச்சி. ஆறு லெவல் வரை சண்டைத் தொழில்: கனத்த கவசம், கேடயம், கோடரி, எந்த அடியையும் வாங்கிக்கொள்ளும் உடம்பு. பிறகு அதை நிறுத்திவிட்டுப் பூசாரித் தொழிலை ஒன்றிலிருந்து தொடங்கினாள், பட்ட காயத்தைத் தானே ஆற்றிக்கொள்வதற்கு. இரட்டைத் தொழிலுக்கு அந்த மேசையில் ஒரு விரதம் உண்டு. இரண்டாவது முதலாவதைத் தாண்டும்வரை பழைய ஆயுதத்தைத் தொடக் கூடாது. தொட்டால் ஏறியதெல்லாம் போய் மறுபடி ஒன்று. பதினோரு மாதம் பேச்சி கோடரியை முதுகில் கட்டிக்கொண்டு, ஒரு வெறும் கம்போடு வாசல் வாசலாக நின்று அடி வாங்கினாள். ஏழாவது லெவலுக்கு ஒரே ஒரு ஞாயிறுதான் பாக்கி. ஏழு வந்தால் கோடரியும் மந்திரமும் சேர்ந்தே கையில். பிறகு அவளை அசைக்க ஆளில்லை.

அந்த ஞாயிறு டிராம்பேயில் ஒரு லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆளோடு. அவன் போனான். வராதவரின் தாளை இருப்பவர் ஆடுவது அங்கே வழக்கம்.

“என்னாலதான்,” என்றாள் மானசா, அஷ்வத்தின் அத்தை பெண். “நான் ஒரு பெட்டியை எடுக்க குகைக்கு வெளில ஓடிட்டேன். பூதமெல்லாம் சுத்திண்டுது. பேச்சியையும் நான்தான் ஆடினேன், கம்பால அடிச்சா ஒண்ணுமே ஆகலை. அல்தாப்தான் கோடரியை எடுன்னான். எப்பேர்ப்பட்ட வெட்டு தெரியுமோ!”

“ஏக்தம் மஸ்த்,” என்றான் அல்தாப். பிரமாதமான வெட்டாம்.

“பெட்டில என்ன இருந்துச்சு?”

மானசா அஷ்வத்தைப் பார்த்தாள். “ஒரு விளக்கு. ஒடஞ்சது.”

“ஒரு போன் அடிச்சிருக்கலாம்லா?”

“நீ வேலைல இருப்பேன்னு...”

“ஒங்க லிஃப்ட் நின்னா மட்டும் அடிக்கிய.”

அவன் தாளைத் தள்ளினான். “போன வாரத்த அழி. திருப்பி ஆடுவம்.”

“ரூல்னா ரூல்தானேடா. இந்த விரதமே நீ கேட்டு வெச்சதுதான்,” என்றான் அஷ்வத்.

“மானசா ஒரு கல்யாணத்துக்கு மெட்ராஸ் போயிருந்தா. அப்ப இங்க அவ மந்திரக்காரி செத்தா. அந்த வாரத்த நீ அழிச்ச. நான்தான ரப்பர எடுத்துக் குடுத்தேன்?”

“அது வேற, எஸ்.கே.”

“என்ன வேற?”

அஷ்வத் காபியை ஆற்றினான். “இப்போ என்ன? ஒனக்குப் பத்து நிமிஷம். இன்னொருத்தியைக் கட்டிடுவே.”

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அவனுக்குப் பற்றியது. லிஃப்ட் கயிறு மாற்றினாலும் அவர்களுக்குப் பத்து நிமிஷம். மோட்டாரைக் கழற்றி மாட்டினாலும் பத்து நிமிஷம். பதினோரு மாதமும் பத்து நிமிஷம்தான். அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

“சரி, ஆடுவம். பேச்சி எங்க நிக்கா?”

அஷ்வத்தின் முகம் தெளிந்தது. “குகை வாசல்ல. ஓர் ஆள் அகலம். இவா ரெண்டு பேரும் ஒன் பின்னாடி. வெளில இருபது பூதம்.”

“பேச்சி நவுருதா.”

“எங்கே?”

“ஓரமா. வழி விடுதா.”

அல்தாப் சிரித்தான். “மஸ்தி மத் கர், யார்.” விளையாடாதேடா என்று. சுடலைக்கண்ணன் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினான்.

“நீ நகர்ந்தா இவா ரெண்டு பேரும் காலி,” என்றான் அஷ்வத்.

“ஆமா.”

“அவ பூசாரிடா. காப்பாத்தறவ.”

“ஒண்ணாம் லெவல் பூசாரி. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நீதான எழுதிருக்க? பகடைய உருட்டு.”

அஷ்வத் உருட்டினான். ரூல் ரூல்தான். இரண்டாவது சுற்றில் மந்திரக்காரி விழுந்தாள். திருடன் பாறைக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தான். நாலாவது சுற்றில் அவனும் முடிந்தான். பேச்சி கோடரியை எடுத்தாள். இனி எடுத்தால் என்ன போகிறது? வாங்கிய அடியெல்லாம் வாங்கிக்கொண்டு, ஐந்து பூதங்களை வெட்டிப் போட்டுவிட்டு மலையிறங்கிப் போனாள். அவன் கட்டிய கணக்கு ஓரிடத்திலும் பிசகவில்லை.

மானசாவின் கண் கலங்கியிருந்தது. “ரெண்டு வருஷமா ஆடிண்டிருந்தேன் அவளை.”

“ரப்பர் வேணுமா?” என்றான் அவன். தாளை மடித்து ஸ்பானர் பைக்குள் போட்டுக்கொண்டு படியில் இறங்கினான்.

மறுநாள் திங்கட்கிழமை. எட்டரைக்குச் செம்பூரில் ஒரு லிஃப்ட்; கதவுத் தடத்தில் குப்பை, எடுத்தான். பதினோரு மணிக்கு மாதுங்காவிலிருந்து புகார் வந்தது. அஷ்வத்தின் கட்டடம். லிஃப்ட் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றிருந்தது. உள்ளே யாருமில்லை. மோட்டாருக்குக் கரண்ட் விடும் கான்டாக்டர் சுவிட்ச் எரிந்திருந்தது, மாற்றினான். ஐம்பது நிமிடம் ஆனது. கட்டடத்துச் செக்ரட்டரி பதிவேட்டில் பத்து நிமிடம் என்று எழுதியிருந்தார். அதை அடித்து ஐம்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். நாலாவது மாடியில் கதவு சாத்தியிருந்தது. மதியம் தாதரில் ஒரு வேலை. சாயங்காலம் வாட்ஸ்அப்பைத் திறந்தபோது அஷ்வத் அவனை ஆட்டக் குழுவிலிருந்து நீக்கியிருந்தான். தாராவி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.