மூச்சக்காவின் ஒன்பது கெட்ட படங்கள்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூச்சக்கா என்று பெயர் விழுந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. எக்ஸ்ரே அறையில் நாளொன்றுக்கு நாற்பது பேரையாவது தகட்டின் முன் நிறுத்தி, "மூச்ச இழுங்க, புடிச்சுக்கோங்க, இப்ப விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. வீட்டில்கூடக் கணவர் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

அவள் மேஜையில் எப்போதும் இரண்டு பதிவேடுகள் இருக்கும். ஒன்று வந்தவர்களுடையது. மற்றது கழித்த படங்களுடையது. நோயாளி அசைந்துவிட்டார், சட்டைப் பையில் சில்லறை கிடந்தது, கழுத்துச் சங்கிலியைக் கழற்றவில்லை என்று எந்தப் படம் எதனால் கெட்டது என்பதை எண்ணும் நேரமும் போட்டு எழுதிவைக்க வேண்டும். கெட்ட படம் என்று எதையும் அழிக்கக் கூடாது. மாதக் கடைசியில் அதை வைத்துத்தான் தப்பு எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். மற்ற ஊழியர்கள் இதைத் தலைவலியாக நினைத்தார்கள். மூச்சக்காவுக்கோ அந்த இரண்டாவது பதிவேட்டின் மேல்தான் பாசம் அதிகம்.

இன்னொரு விதியும் அவளிடம் உண்டு. இதை யாரும் விதித்ததில்லை, அவளே வைத்துக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருஷம், பழுது பார்க்க வந்த மெக்கானிக் எந்திரத்தின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று ஒரே பெயரில் இரண்டு பேர் வந்திருந்தார்கள். நேரத்தைப் பார்த்துப் படத்தைப் பிரித்ததில் ஆள் மாறி, உடையாத கைக்கு மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து மூச்சக்கா எந்த எந்திரத்தின் கடிகாரத்தையும் தொடுவதில்லை. தப்பாக ஓடினாலும் ஓடட்டும், எவ்வளவு வித்தியாசம் என்று தாளில் எழுதிவைத்தால் போதும் என்பது அவள் கட்சி.

பறவைப் பைத்தியம் பிடித்தது முப்பத்தெட்டாவது வயதில். எக்ஸ்ரே அறையின் வெளிக்காற்று விசிறிக்கூண்டில் இரண்டு புறாக்கள் கூடு கட்டின. அதைப் படம் எடுக்க வாங்கிய பழைய கேமரா அவளைக் குளம், குட்டை, காடு என்று இழுத்துக்கொண்டு போய், பிறகு கடலையும் தாண்ட வைத்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பத்து நாள் விடுப்பெடுத்து ஏதாவது ஒரு வெளிநாட்டுக் காட்டுக்குப் போய்வருவாள். இதுவரை ஆறு பயணம்.

கணவர் தையற்கடையில் கட்டிங் மாஸ்டர். பறவை என்றால் அவருக்குக் காக்காயும் கோழியும்தான். ஆனாலும் துணைக்குப் போவார். நீண்ட லென்ஸ் ஆடாமல் இருக்க வண்டி ஜன்னலில் வைக்கும் பயறு மூட்டையைத் தைத்தவர் அவர்தான். முதல் பயணத்தில் பயறை நிரப்பி எடுத்துக்கொண்டு போய், விமான நிலையத்தில் அதிகாரி மூட்டையைப் பிரித்து ஒவ்வொரு பயறாகப் பார்க்காத குறை. அதற்குப் பிறகு வெறும் பையைக் கொண்டுபோய் அங்கே நிரப்பிக்கொள்வார்கள்.

கேமராவின் கடிகாரத்தையும் மூச்சக்கா தொட்டதில்லை. எந்த நாட்டுக்குப் போனாலும் அது வீட்டு நேரத்தில்தான் ஓடும். அதற்குப் பதில், போய் இறங்கியதும் முதல் படமாக அந்த ஊர்க் கடிகாரம் ஒன்றை எடுத்துவிடுவாள். படத்துக்குள் இருக்கும் கடிகாரம் அவர்கள் நேரம், படத்தோடு பதியும் நேரம் வீட்டு நேரம். இரண்டையும் கழித்தால் வித்தியாசம் கிடைத்துவிடும்.

ஆறாவது பயணம் ஒரு பெரிய ஏரியைச் சுற்றிய சரணாலயத்துக்கு. காட்டுக்குள்ளேயே இருந்த விடுதியில் நாலு நாள் தங்கினார்கள். தினமும் மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். அதனால் வண்டி காலையில் மட்டும். வண்டி ஓட்டியவர் ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். இரண்டு பக்கத்துக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஒரு மொழியில் சமாளித்தார்கள். மூன்றாம் நாள், வானம் சாம்பல் நிறமாக மூடிக் கிடந்த ஒரு காலையில், அவர் அவர்களை நாரைக்கூட்டுக்குக் கூட்டிப்போனார். பெரிய நாரை ஒன்று அலகு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து மூன்று குஞ்சுகளின் தலையிலும் ஊற்றியது. மூச்சக்கா அதை எடுத்தாள். வாழ்நாளில் அப்படி ஒரு படம் அவளுக்கு அமைந்ததில்லை.

ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து, சரணாலய அலுவலகம் பார்வையாளர்களிடம் படம் கேட்டது. வருஷப் பதிவுக்காம். அவள் நாரைப் படத்தை அனுப்பிவைத்தாள். நேர வித்தியாசத்தைக் குறிப்பிட அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத இடத்தில் எழுதும் பழக்கம் அவளுக்கும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. படம் அருமை என்று முதல் வரி. இரண்டாவது வரியிலிருந்துதான் விஷயமே. கூட்டுப் பக்கம் பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை வண்டி போகக் கூடாது. அந்த நேரத்தில் நாரை எழுந்து பறந்தால் குஞ்சுகள் வெயிலில் வாடிச் செத்துவிடும். படத்தில் பதிந்திருப்பதோ பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. ஆகவே ஓட்டுநரின் அனுமதி அட்டையை வாங்கி வைத்திருக்கிறோம், பத்தொன்பது நாளாக அவர் வண்டி எடுக்கவில்லை, வெள்ளிக்கிழமை காலை விசாரணை, நீங்கள் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று முடித்திருந்தார் பதிவு அதிகாரி.

வீட்டு நேரம் அந்த நாட்டைவிட இரண்டரை மணி முன்னால். படம் எடுத்தது அங்கே பத்து இருபத்திரண்டுக்கு. அவளுடைய குறிப்பேட்டிலும் அப்படித்தான் இருந்தது. அன்றே எழுதி அனுப்பினாள். மறுநாள் அதிகாரி மரியாதையாகவே பதில் போட்டார். கேமரா வீட்டு நேரத்தில் ஓடியது என்பது உங்கள் வாய்ச்சொல், குறிப்பேட்டை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம், வேறு ஆதாரம் உண்டா? மூச்சக்காவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவளே அந்த நாற்காலியில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாள்.

ஆதாரத்துக்கு என்ன பஞ்சம் என்று முதல் படத்தைத் திறந்தாள். விடுதியின் சாப்பாட்டு அறைச் சுவர்க் கடிகாரம். கேமரா நேரம் ஒன்பது நாற்பது. கடிகாரத்தில் ஏழு பத்து இருந்திருக்க வேண்டும். ஒன்பது ஐந்து காட்டியது.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஒன்பது ஐந்தேதான். பின்னால் வந்து எட்டிப் பார்த்த கணவர், "அட, இதுவா? இது ஓடவே இல்லையே" என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"நாலு நாளும் நாம ஒம்பது அஞ்சுக்குத்தான் டிபன் சாப்பிட்டோம். ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

நின்றுபோன கடிகாரத்தைப் படம் எடுத்திருக்கிறாள். படத்தில் ஓடுகிற கடிகாரமும் நின்ற கடிகாரமும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது முப்பத்தோரு வருஷம் படம் எடுத்தவளுக்குத் தோன்றாமல் போய்விட்டது. இதை அனுப்பினால் காரியமே கெட்டது. வித்தியாசம் முப்பத்தைந்து நிமிஷம்தான் என்றாகி, நாரைப் படம் பன்னிரண்டு பதினேழுக்குப் போய் நிற்கும். ஓட்டுநரின் தலையில் அவளே மண்ணை வாரிப் போட்டதாகிவிடும்.

கணவரிடம் பட்டன் போன்தான், அதையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் எடுத்த படம் என்று எதுவும் கிடையாது. காலை டிபனுக்குப் பிறகு மட்டும் சுற்றியதால் விடியலோ அந்தியோ எந்தப் படத்திலும் இல்லை. மேகம் மூடியிருந்ததால் நிழலும் இல்லை. அவள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. யாரோ ஒரு மனுஷன், நம்மை நம்பி வண்டி ஓட்டினவர், நம்மால் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை விடுப்புப் போட்டாள். காலை எட்டு மணிக்குக் கணினியின் முன் உட்கார்ந்தாள். பயணப் படங்கள் மொத்தம் இரண்டாயிரத்து நூற்று ஆறு. எதிலாவது ஓடுகிற கடிகாரம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கரடி இருந்தது, நீர்நாய் இருந்தது, நானூற்றுப் பன்னிரண்டு வாத்துகள் இருந்தன. வாத்து கடிகாரம் கட்டுமா என்று கணவர் கேட்டார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் தேநீர் போடப் போய்விட்டார்.

தம்ளரோடு திரும்பி வந்தவர், கழித்த படங்களையும் பார்த்தாயா என்று கேட்டார். கேட்டது அவர் என்பதுதான் வேடிக்கை. இடத்தை அடைக்கிறது, அந்தக் குப்பையை அழித்துத் தொலை என்று பதினைந்து வருஷமாக நச்சரித்தவர் அவர்தான். அவளோ ஆஸ்பத்திரிப் பழக்கப்படி கெட்ட படங்களுக்குக் கணினியில் தனிக் கோப்புறை, தனிப் பதிவேடு என்று வீட்டிலும் வைத்திருந்தாள்.

பதிவேட்டை எடுத்தாள். மூன்றாம் நாளுக்கு நேராக விரலை ஓட்டினாள். 'இலை மறைத்தது. வண்டி ஆடியது. பறவை பறந்துவிட்டது.' அதற்குக் கீழே: 'ஒன்பது படங்கள். கை குறுக்கே.'

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கூட்டிலிருந்து திரும்பும் வழியில், இறங்கலாம் என்று அனுமதித்த ஓர் இடத்தில் ஓட்டுநர் இறங்கிப் பன்னிரண்டடி தள்ளி நின்று, கிளையில் இருந்த எதையோ சுட்டிக் காட்டினார். அவள் மூன்று தடவை பொத்தானை அழுத்தினாள், தடவைக்கு மூன்று படம் விழுந்தது. ஃபோகஸ் பறவையிடம் போகாமல் அவர் நீட்டிய கையிலேயே நின்றுவிட்டது. பறவை வெறும் நீலத் திட்டாகக் கலங்கிப்போனது. நல்ல மனுஷன், ஆனால் கையை எங்கே நீட்டுவது என்று தெரியவில்லை என்று அன்று முணுமுணுத்திருந்தாள்.

படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். மயிர் மயிராகத் தெரிகிற அளவுக்குத் தெளிவான ஒரு மணிக்கட்டு. அதில் தோல்வார்க் கடிகாரம். பத்து நாற்பத்து நாலு.

கேமரா நேரம் ஒன்று பதினாலு.

"இது ஓடுதா?" என்றார் கணவர். ஒரு தடவை சூடு கண்டவர் அல்லவா.

அவள் அடுத்த படங்களைத் தள்ளினாள். முதல் அழுத்தலில் விநாடி முள் எட்டில் இருந்தது. இரண்டாவதில் பதிமூன்றில். மூன்றாவதில் பத்தொன்பதில். கேமராவின் விநாடிகளும் அதே கணக்கில் ஐந்து, பிறகு ஆறு என்று நகர்ந்திருந்தன. கடிகாரம் ஓடியிருக்கிறது. அதே நாள், கேமராவின் அதே மெமரி கார்டில் நாரைப் படத்துக்குப் பின்னால்தான் இது எடுக்கப்பட்டது என்பது தொடர் எண்ணிலேயே இருந்தது.

ஒன்பது படங்களையும், நாரைப் படத்தின் மூலத்தையும், நின்ற கடிகாரத்தின் படத்தையும் சேர்த்தே அனுப்பினாள். அது எதற்கு, வம்பை விலைக்கு வாங்குகிறாயே என்று கணவர் தடுத்துப் பார்த்தார். கெட்டதை மறைத்தால் நல்லதையும் நம்பமாட்டார்கள் என்று சொல்லிவிட்டாள். விடுதிக் கடிகாரம் நின்றுபோனது, அதைக் கவனிக்காதது என் தவறு, வேண்டுமானால் ஆள் அனுப்பிப் பாருங்கள் என்று கீழே எழுதினாள்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் முப்பத்தேழு பேரை மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். ஒரு பெரியவரிடம் விடச் சொல்ல மறந்துபோய், அவர் முகம் சிவக்க நின்று, "எம்மா, விடலாமா?" என்று கேட்டார். மூன்றேகாலுக்கு அதிகாரியின் கடிதம் வந்தது. ஆள் அனுப்பினோம், சாப்பாட்டு அறையில் இப்போதும் மணி ஒன்பது ஐந்துதான். ஓட்டுநரின் அட்டை காலையிலேயே திருப்பித் தரப்பட்டது. அவர் வேலை செய்யாத நாட்களையும் வேலை நாளாகவே பதிகிறோம். படிவத்தில் நேர வித்தியாசத்துக்கு ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம்.

மூச்சக்கா சுவரோடு சாய்ந்து நின்றாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது முழுதாக வெளியே போயிற்று.

வெளியே காத்திருந்த பெண்மணி கதவைத் தள்ளி, "என்னைக் கூப்பிட்டீங்களா அக்கா?" என்றாள்.

"இல்லம்மா. பெருமூச்சு விட்டேன். நீங்க வாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர் போன் செய்தார். அந்த அரைகுறை மொழியில் நன்றி என்று ஒரு தடவை சொன்னார். அவள் மன்னிப்பு என்று மூன்று தடவை சொன்னாள். பிறகு அவர் ஒரு சந்தேகம் கேட்டார். அதிகாரி அந்த ஒன்பது படத்தையும் காட்டினாராம், தன் கை நன்றாக விழுந்திருக்கிறதாம். ஆனால் அன்று எந்தப் பறவையைக் காட்டினோம் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. படத்தில் நீலமாக ஏதோ கலங்கித் தெரிகிறது, அது என்ன?

மூச்சக்கா யாரும் நம்பாத அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினாள். பத்து நாற்பத்து நாலு. மீன்கொத்தி, ஒன்று, வாயில் மீனோடு.

அவர் அந்தப் பக்கம் வெகுநேரம் சிரித்தார். இந்தப் பக்கம் கணவர், அடுத்த பயணத்துக்குப் போட்டுக்கொள்ள என்று வாங்கிவந்த புதுக் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்து, ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.