திரைக்கு முன்னால் மூன்று நிமிடம்

லொரெய்ன் டூடாஷின் பாட்டை வெட்டினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் பென்சில்வேனியா ஊரின் நாடக மன்றத்தில் இருபத்திரண்டு வருடமாக அவர் கும்பலில் ஒருவர். கன்னியாஸ்திரீகளில் நான்காவது, சந்தையில் முட்டைக்காரி, ஒரு முறை புயலில் ஓடுகிறவர்களில் கடைசி ஆள். பிழைப்புக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு மலை இறங்கும்போது பாடுவார். எப்போதும் ஒரே பாட்டு: 'கடைசிப் படகு' என்ற இசைநாடகத்தின் இரண்டாம் பாதியில் சலவைக்காரி பாடும் பாட்டு.

அந்த நாடகத்தில் ஊருக்கெல்லாம் தெரிந்தது ஒரு காதல் பாட்டுதான். அதைப் போடாமல் இங்கே எந்தக் கல்யாணத்திலும் கேக் வெட்ட மாட்டார்கள். சலவைக்காரியின் பாட்டை யாரும் சீண்டுவதில்லை. லொரெய்ன் பதினேழு வயதில் நூலகத்து இசைத்தட்டின் பின்பக்கத்தில் அதைக் கேட்டாராம். அந்தப் பாட்டில், ஊர் ஆண்களின் சட்டைக் காலரையெல்லாம் தேய்த்துக் கொடுத்த சலவைக்காரி, அவர்களில் ஒருவனாவது தன் முகத்தைப் பார்த்திருக்கிறானா என்று யோசிக்கிறாள். அழுகை கிடையாது. கடைசி அடியில் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இந்தச் சட்டை எனக்கே சரியாயிருக்கும்" என்கிறாள். அந்த ஒரு அடிக்காகத்தான் மொத்தப் பாட்டும்.

ஒவ்வொரு வருடமும் ஆள் தேர்வுக்கு வந்து லொரெய்ன் இதையேதான் பாடுவார். எட்டு அடி தாண்டுவதற்குள் "நன்றி, போதும்" என்று குரல் வரும். கடைசி அடியை மன்றத்தில் ஒருவரும் கேட்டதே இல்லை.

இந்த வருடம் அந்த நாடகத்தையே எடுத்தார்கள். சலவைக்காரி வேடத்தை வேறு யாரும் கேட்கவில்லை. அதனால் அவருக்கு வந்தது. வீட்டிலிருந்து சொந்த இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

அரங்கேற்றத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இயக்குநர் கிரெய்க் பிரதியைப் புரட்டிக்கொண்டே அதைச் சொன்னார். காப்பீடு விற்கிற ஆள். இந்த மன்றத்தில் பதினைந்து நாடகம் போட்டவர்.

"லொரெய்ன், உன் பாட்டு போச்சு. கோச்சுக்காதே. நாடகம் ரொம்ப நீளம்."

"மூணே நிமிஷம்தானே, கிரெய்க்?"

"யாருக்கும் தெரியாத மூணு நிமிஷம். ஜனங்க எழுந்து பாத்ரூம் போற நேரம் அது."

"போறவங்க போகட்டுமே. உக்காந்திருக்கவங்க கேக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். வெட்டியது வெட்டியதுதான். அதே வாயால் அந்த ஆள், காதல் பாட்டை முடிவில் இன்னொரு தரம் பாட வேண்டும் என்றார். அது நாலு நிமிடம். நீளத்தைப் பற்றி அப்போது ஒருவரும் மூச்சு விடவில்லை.

நான் அங்கே திரைக்கயிறு இழுப்பவன். நாடகத்தின் உரிமை ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட வெட்டக் கூடாது என்று இருக்கிறதே என்று கேட்டுவிட்டேன். வெளிநாட்டுக்காரன் நாம் எதற்கு வாயைத் திறப்பது என்று மூன்று நாள் யோசித்த பிறகுதான் கேட்டேன்.

"இந்த ஊருக்கு யாருப்பா வந்து பாக்கப் போறாங்க?" என்றார் கிரெய்க்.

லொரெய்ன் இஸ்திரிப் பெட்டியைத் திரும்ப எடுத்துப் போகவில்லை. மேடையோரத்தில் அது அப்படியே இருந்தது.

அரங்கேற்றத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, முதல் தடவையாக மேடைப் பொருள்களோடு முழு ஒத்திகை. ஹோட்டல் கூடக் காட்சி முடிந்து கப்பல் தளம் வரவேண்டும். திரையை இறக்கினேன். உள்ளே சக்கரங்கள் கிறீச்சிட்டன, சுத்தியல் விழுந்தது, யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். பியானோக்காரர் காதல் பாட்டை ஒரு தரம் வாசித்தார். மறுபடியும் வாசித்தார். திரை திறக்கவில்லை.

மேடைத் தச்சர் வால்ட், எழுபது வயது, திரையோரத்தில் தலையை மட்டும் நீட்டினார்.

"கிரெய்க், இதை எழுதினவன் முட்டாள் இல்ல. நாங்க உள்ள கப்பல் கட்டணும்னுதான் அந்தம்மாவைத் திரைக்கு வெளிய நிக்க வெச்சுப் பாட விட்டிருக்கான். நீ பாட்டை வெட்டிட்டே. இப்ப நீயே வந்து நின்னு காப்பீடு வித்துக்கோ."

பதினைந்து நாடகம் போட்டவருக்கு இது தெரியவில்லை. பழைய இசைநாடகங்களில் இப்படித் திரைக்கு முன்னால் நின்று பாடிய பாட்டு எத்தனையோ!

கிரெய்க்கின் காது மடல் சிவந்தது. "சரி, பாடு லொரெய்ன். வால்ட் ரெடின்னதும் திரை மேல போயிடும். எங்க இருக்கியோ அங்கயே நிறுத்திக்கோ."

"பாதியிலயா?"

"கப்பல் ரெடியானா அப்புறம் பாட்டு எதுக்கு?"

"சரி" என்றார் லொரெய்ன்.

அந்தச் 'சரி'யைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பாட்டு இல்லை என்றதுகூடப் பரவாயில்லை. ஓட்டையை அடைக்கிற பழந்துணியாக அதைத் திருப்பிக் கொடுத்தார்களே!

மறுநாள் ஞாயிறு மதியம் அரங்கேற்றம். லொரெய்ன் இஸ்திரிப் பெட்டியோடு திரைக்கு முன்னால் போய் நின்றார். கிரெய்க் சொன்னபடி ஏழெட்டுப் பேர் எழுந்து போகவும் செய்தார்கள். அவர் பாடினார். பேருந்தில் பாடுகிற குரல், அலட்டல் இல்லாமல்.

வால்டின் ஆட்கள் சனிக்கிழமை மாலை முழுக்கப் பழகியிருந்தார்கள். இரண்டு நிமிடத்தில் கப்பலைக் கட்டி முடித்துவிட்டார்கள். வால்டின் டார்ச் என் பக்கம் பளிச்சென்றது. தயார் என்று அர்த்தம். அரங்கின் பின்னாலிருந்து கிரெய்க்கின் குரல் நான் காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டில் வந்தது.

"தூக்கு."

லொரெய்ன் பாட்டில் இன்னும் காலர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"தூக்குய்யா! காது கேக்கலையா?"

வால்டைப் பார்த்தேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஹெட்செட் கத்திக்கொண்டே இருந்தது. இருபத்திரண்டு வருடமாக எட்டு அடியில் நிற்கிற பாட்டு, இந்தத் தடவை என் கையால் நிற்க வேண்டுமா?

இஸ்திரிப் பெட்டி மரத்தளத்தில் டொக்கென்று உட்கார்ந்தது. கடைசி அடி வந்தது.

அப்புறம் கைதட்டல். பெரிய கைதட்டல் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வெளியே போய்த் திரும்பிய ஒரு பெண் உட்கார மறந்து நடைபாதையிலேயே நின்றிருந்தாள்.

லொரெய்ன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓரமாக வந்தார். என்னைத் தாண்டும்போது தோளைத் தட்டினார்.

"இப்பத் தூக்கு, தங்கம். கப்பல் ரொம்ப நேரமா காத்துக்கிட்டிருக்கு."