கரட் சம்பலும் கிணற்றுத் தண்ணீரும்

என் மனைவி சாப்பாட்டில் குறை சொல்வதை நிறுத்தியபோதுதான் எனக்குப் பயம் வந்தது. அவளுக்கு வந்த வருத்தத்தின் பெயரை டொக்டர் சொன்ன நாளில்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

கலியாணம் முடித்த நாள் தொட்டு அவள் குறை சொல்லித்தான் பழக்கம். நான் வாங்கிவரும் மீன் நேற்றுப் பட்டது, வெங்காயம் முளைத்தது, தேங்காய் முற்றாதது. கோயில் அன்னதானத்துக்குப் போனாலும் சாம்பாருக்குப் புளி காணாது என்று எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொல்லிவிட்டுத்தான் கும்பிடுவாள். அப்படிப்பட்டவள், மருந்து ஏற்றி முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் வந்து இறங்கிய அன்று, நான் காய்ச்சிய கஞ்சியை ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "நல்லாயிருக்கு" என்றாள். அந்தக் கஞ்சி அடிப்பிடித்திருந்தது.

டொக்டர் முன்னமே சொல்லியிருந்தார். மருந்து ஏற்றினால் நாக்குச் செத்துப்போகும், சிலருக்கு ருசி கெதியில் திரும்பும், சிலருக்குப் பிந்தும். எப்படியென்றாலும் சாப்பிட வேண்டும், நிறை இனியும் இறங்கக் கூடாது. நிறை இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அவள் நாக்குக்குச் சோறு இரும்பு ருசி, பால் இரும்பு, முன்வீட்டு அக்கா கொண்டுவந்து தந்த பயற்றம் பணியாரமும் இரும்பு. கோழி கொத்துவதுபோல் கொத்திவிட்டுத் தட்டைத் தள்ளி வைப்பாள். ஏன் என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கு, காணும்" என்பாள். கனடாவில் இருக்கும் மகள் ஒவ்வொரு நாளும் போனில் ஒவ்வொரு சாப்பாடு சொன்னாள். ஒருநாள் கினோவா என்று ஏதோ வெளிநாட்டுத் தானியம் கொடுக்கச் சொன்னாள். படகுக்காரரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

பிறகு ஒரு மத்தியானம் அவளாகவே வாய் திறந்தாள்.

"ருசி தெரியாட்டிலும் பரவாயில்லை. கடிக்கேக்கை சத்தம் வாற மாதிரி ஏதும் எண்டால் தின்னலாம். பச்சைக் கரட் சம்பல் மாதிரி."

ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் சாப்பாடு அது. டொக்டருக்குப் போன் எடுத்தேன். தோலைச் சீவி, கொதித்தாறின தண்ணீரில் வடிவாகக் கழுவிக் கொடுக்கலாம் என்றார்.

கரட்டைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வாலிபத்தில் தெற்கே போய் மரக்கறிக் கடை போட்டு, தலை நரைத்த பிறகு ஊருக்குத் திரும்பியவன் நான். கரட்டைத் தொட்டாலே அது லொறியில் எத்தனை நாள் கிடந்தது என்று சொல்வேன். ஆனால் ஒரு கரட்டையாவது நறுக்கியதில்லை. விற்கிறவன் சமைக்கத் தேவையில்லை என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம்.

எங்கள் தீவில் கரட் விளையாது. மலைநாட்டில் பிடுங்கி, லொறியில் யாழ்ப்பாணம் வந்து, பஸ்ஸில் குறிகட்டுவான் வந்து, அங்கிருந்து படகில் ஏறி வர வேண்டும். அவ்வளவு தூரம் வந்தபிறகு மனிதர்களே நிமிர்ந்து நிற்பதில்லை. அதனால் நானே யாழ்ப்பாணச் சந்தைக்குப் போய், கடைக்காரர் பார்க்கப் பார்க்க ஒன்றை முறித்து, முறிகிற சத்தத்தைக் கேட்டு வாங்கினேன். திரும்பும்போது படகில் சனம். பையை வைக்க இடமில்லாமல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் ஒவ்வொரு கரட்டையும் வளையலாக வளைக்கலாம்போல் இருந்தது.

நான் கலங்கவில்லை. வாடிய கரட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால் நிமிரும் என்பது எந்த மரக்கறிக் கடைக்காரனுக்கும் தெரியும். தெற்கே என் கடைக்குப் பின்னால் அதற்கென்றே ஒரு வாளி இருந்தது. கிணற்றில் ஒரு வாளி அள்ளி கரட்டுகளைப் போட்டு நிழலில் வைத்தேன். பின்னேரம் பார்த்தேன், அப்படியே கிடந்தன. தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதிதாக அள்ளி வைத்தேன். விடியப் பார்த்தேன், முன்னையிலும் கூடுதலாகத் துவண்டதுபோல் தெரிந்தது. சந்தைக் கடைக்காரரின் பரம்பரையையே மனதுக்குள் திட்டினேன்.

முன்வீட்டு அக்கா கல்வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"என்ன அண்ணை, கரட்டைக் குளிக்க வாக்கிறியள்?"

"நிமிருதில்லை அக்கா. பழுதான சாமானைத் தந்து ஏமாத்திப் போட்டான்."

"எந்தத் தண்ணியிலை போட்டனீங்கள்?"

"கிணத்துத் தண்ணியிலைதான்."

அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "அண்ணை, உங்கடை கிணத்துத் தண்ணியிலை ஊறுகாய் போடலாம். கரட்டை நிமித்த ஏலாது."

எங்கள் கிணறு சவர்க் கிணறு. மழை பொய்த்தால் இன்னும் மோசம். அதை நாங்கள் ஒரு குறையாக எடுப்பதில்லை. எங்கள் வீட்டில் சோற்றுக்கு உப்புப் போடுவதில்லை, கிணறே போட்டுவிடும். வெளியூர் ஆட்கள் வாய் கொப்பளித்துவிட்டு முகத்தைச் சுளிக்கும்போதுதான் அது சவர் என்பதே எங்களுக்கு ஞாபகம் வரும். தெற்கத்தி வாளி வித்தை தெற்கத்தித் தண்ணீருக்குத்தான் பலிக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

மனைவி விறாந்தைக் கட்டிலில் படுத்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய ஆளென்றால் நான் வாளியைத் தூக்கும்போதே, "உங்களுக்கு மூளை கீளை இருக்கோ?" என்று கேட்டிருப்பாள். அன்று ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

குசினியில் ஒரு கானின் அடியில் கொஞ்சம் நல்ல தண்ணீர் மிச்சம் இருந்தது. நல்ல தண்ணீர் வண்டியில் வருவது, குடிக்க மட்டுமே உரியது. நல்ல தண்ணீரில் கை கழுவுகிறவனுக்கு எங்கள் ஊரில் பெண் கொடுக்க யோசிப்பார்கள். எனக்கு ஏற்கெனவே பெண் கொடுத்தாகிவிட்டது என்பதால் கானை ஒரு சட்டியில் கவிழ்த்து கரட்டுகளை மூழ்கவைத்து, சட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். மத்தியானம் எடுத்தபோது ஒவ்வொன்றும் விறைத்து நின்றது. ஒன்றை முறித்தேன். சந்தையில் கேட்ட அதே சத்தம். ஊறிய தண்ணீரை வீணாக்க மனம் வராமல் நானே குடித்தேன்.

அக்கா வேலிக்கு மேலால் சொல்லித்தந்தபடியே செய்தேன். துருவக் கூடாது, துருவினால் கடிபட ஒன்றும் இருக்காது. தோலைச் சீவி, தீக்குச்சி அளவில் நறுக்கினேன். சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், கொஞ்சம் தேங்காய்ப்பூ, மிளகுதூள், அரைத் தேசிக்காயின் புளி. உப்பைக் கடைசியில், அதுவும் சாப்பிடுகிற நேரத்தில்தான் போட வேண்டும், முந்திப் போட்டால் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும். என் வெங்காயம் சில இடங்களில் விறகு மாதிரி இருந்தது. விரலில் ஒரு வெட்டும் விழுந்தது.

நறுக்கி முடித்த பிறகுதான் கழுவவில்லை என்ற ஞாபகம் வந்தது. நல்ல தண்ணீர் என் வயிற்றில் இருந்தது. வண்டி அடுத்த நாள்தான் வரும். அக்காவிடம் கேட்கலாம், ஆனால் கரட் கழுவ நல்ல தண்ணீர் கேட்கிற முகம் எனக்கு இல்லை. கிணற்றுத் தண்ணீரையே கொதிக்கவைத்து ஆறவிட்டேன். டொக்டர் கொதித்தாறின தண்ணீர் என்றுதான் சொன்னார், எந்தக் கிணறு என்று சொல்லவில்லை. கொதித்தால் கிருமி சாகும், சவர் சாகாது என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத்தான் ருசி தெரியாதே என்று எண்ணினேன். அப்படி எண்ணியதற்கு என்னையே திட்டிக்கொண்டேன். இருந்தும் நறுக்கியதை அந்தத் தண்ணீரில் இரண்டு தரம் அலசி வடித்து, எல்லாவற்றையும் சேர்த்துப் பிசறினேன். உப்புப் போட மறந்துபோனேன்.

கோப்பையைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன். விரலால் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டாள். கறுக்கென்று சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் எடுத்தாள். கறுக், கறுக். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் மெல்லுவதை நிறுத்தினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். துப்பப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இது என்ன தண்ணியிலை கழுவினனீங்கள்?"

"நல்ல தண்ணியிலைதான்."

"பொய் சொல்லாதேயுங்கோ. இது எங்கடை கிணறு."

நான் வெட்டுப்பட்ட விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"வருத்தக்காரிக்குச் சவர்த் தண்ணியிலை கழுவிக் குடுத்திருக்கிறியள். வெங்காயம் என்ன, அடுப்பெரிக்கவோ வெட்டினனீங்கள்? தேசிக்காய் காணாது. மிளகாய்க்கு உறைப்பில்லை, எங்கை வாங்கினனீங்கள்?" வாயில் கரட்டை வைத்துக்கொண்டே சொன்னாள். மென்றுகொண்டே சொன்னாள். மரக்கறிக் கடை வைத்திருந்த மனுசன் என்று வெளியில் சொல்ல வேண்டாம் என்றாள். ஒவ்வொரு குறைக்கும் நடுவில் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டாள். கோப்பை வெறுமையானது அவளுக்குத் தெரியவில்லை, விரல் கோப்பையின் அடியைத் தடவிக்கொண்டிருந்தது.

நான் குசினிக்குள் போய் மகளுக்குப் போன் எடுத்தேன். அங்கே நித்திரை நேரம். பதறியடித்துக்கொண்டு எடுத்தாள்.

"அப்பா, அம்மாவுக்கு என்ன?"

"கொம்மா என்னை ஏசுறா" என்றேன்.

அந்தப் பக்கத்தில் அவள் கட்டிலில் எழும்பி இருக்கிற சத்தம் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வடிவா ஏசச் சொல்லுங்கோ அப்பா" என்றாள்.