படிக்கட்டு இல்லாத மாடி

துனிசியத் தலைநகர் தூனிஸின் பழைய நகரத்தில் மொட்டைமாடிகள் பெண்களுடையவை. முன்ஜி தன் வீட்டு மாடிக்குக்கூடச் சொல்லாமல் போனதில்லை. படிக்கட்டின் அடியில் நின்று "வழி" என்று குரல் கொடுப்பான். மேலே துணி உலர்த்துகிறவர்கள் தலையை மூடிக்கொண்டு "வா" என்ற பிறகுதான் காலெடுத்து வைப்பான். கீழே அவன் நடத்தும் வீடியோ கேம் கடையில் எத்தனை கூச்சல் இருந்தாலும், படிக்கட்டுக்கு வந்ததும் அவன் குரல் தணிந்துவிடும்.

அதனால், சாகச விளையாட்டு ஒன்றைத் தயாரிக்கும் வெளிநாட்டுக் குழு அந்த மாடியைப் படமெடுக்கக் கேட்டபோது, மனைவி வசீலாவைச் சம்மதிக்கவைக்க அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை.

"என் மாடி அவங்களுக்கு எதுக்கு?"

"நம்ம ஊரை அப்படியே உள்ள கொண்டுவரப் போறாங்களாம். உன்னையும்தான். மரியாதையா இருக்கும், நான் பொறுப்பு."

வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் கீழே நின்று "வழி" என்றார்கள். அந்த உச்சரிப்பைக் கேட்டு அண்டை மாடிப் பெண்கள் சிரித்தார்கள். வசீலா துணி உதறுவது, மல்லிகைத் தொட்டிக்குத் தண்ணீர் விடுவது, இடுப்பில் கைவைத்து நிற்பது எல்லாம் படமானது.

விளையாட்டு வெளிவந்த அன்று மாலை, கடையைச் சாத்திவிட்டு அவளைப் பெரிய திரையின் முன் உட்காரவைத்தான். பக்கத்துச் சலூன்காரன் ஹேதி மட்டும் எப்படியோ உள்ளே புகுந்துவிட்டான்.

"லல்லா வசீலா, நாளைக்கு உங்களைப் பார்க்கக் கூட்டம் நிக்கும். இவனை வாசல்ல செருப்பு பார்த்துக்கச் சொல்லிடுங்க" என்றான், 'லல்லா' என்ற மரியாதைச் சொல்லை வேண்டுமென்றே இழுத்து.

முன்ஜி விளையாடத் தொடங்கினான். திரையில் கல்லும் ஓடும் மாலை வெயிலும் சரியாகத்தான் இருந்தன. ஆனால் ஒரு கதவும் திறக்கவில்லை. சந்துகளில் எதிர்ப்பட்ட ஆண்களுக்கெல்லாம் ஒரே முகம், ஒரே கத்தி. யாரும் யாருக்கும் ஸலாம் சொல்லவில்லை.

"நம்ம தெருவுல என் கையிலதான்டா கத்தி இருக்கு. அதுவும் சவரக்கத்தி" என்றான் ஹேதி.

கதாநாயகன் மாடிக்கு மாடி தாவினான். வசீலாவின் மாடியில் குதித்தபோது மல்லிகைத் தொட்டிகள் நொறுங்கின. துணிக்கொடியருகே நின்றிருந்த பெண் திரும்பினாள். வசீலாவின் முகம், இடுப்பில் வைத்த அதே கை. மறுகணம் அவள் மண்டியிட்டு, "என்னைக் கொன்னுடாதே" என்றாள்.

முன்ஜி கதாநாயகனைப் பின்வாங்கவைத்து மறுபடி கொண்டுவந்தான். மறுபடி மண்டியிட்டாள். வேறு வழியாக வரலாம் என்று படிக்கட்டைத் தேடி மாடியைச் சுற்றினான். நான்கு பக்கமும் வெறும் சுவர்.

"படி எங்க?" என்றாள் வசீலா.

"வைக்கல."

"அங்க நின்னுதானே கூப்பிட்டாங்க."

தெரியாமல் விட்டிருந்தால் அறியாமை என்று ஒதுக்கிவிடலாம். இவர்கள் அந்தப் படியில் நின்று காத்திருந்தவர்கள். காத்திருப்பது தங்கள் கதாநாயகனுக்கு வேண்டியதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஏறிவரும் வழியை எடுத்துவிட்ட உலகத்தில் ஒருவன் குதிக்கத்தான் முடியும். அங்கே இருப்பவள் மண்டியிடத்தான் முடியும்.

"நான் யார் காலையும் பிடிச்சதில்ல, முன்ஜி. நீ பொறுப்புன்னு சொன்னே."

எழுந்து மேலே போய்விட்டாள். ஹேதியும் வெளியேறினான்.

திரையை அணைத்துவிட்டு முன்ஜி படிக்கட்டின் அடிக்கு வந்தான்.

"வழி."

அவன் குரல் அடங்குவதற்குள் பதில் வந்துவிடுவது வழக்கம். இன்று வரவில்லை. கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி மறுபடி கூப்பிட்டான்.

"இரு" என்றாள் மேலிருந்து.

அவன் நின்றான்.