எட்டாம் மேசையும் என் உரிமமும்

கசினோவில் சீட்டுப் போடுகிறவனுக்கு அரசாங்க உரிமம் வேண்டும். விளையாட வருகிறவனுக்கு ஒரு பை இருந்தால் போதும். கழுத்தில் அட்டை மாட்டி வேலை செய்கிறவர்களே, உங்களுக்கு இது புதிதல்ல. அந்த உரிமம் போனால் எனக்கு எந்தக் கசினோவிலும் வேலை இல்லை.

கைரேகை

முதன்முதல் விண்ணப்பித்தபோது பத்து விரலையும் பதித்தார்கள். பத்தொன்பது வயதில், அகதியாக இங்கே வருமுன், ஊரில் இராணுவம் என்னை இரண்டு நாள் பிடித்து வைத்திருந்ததை நானாகவே சொன்னேன். அதற்கு மட்டும் மூன்று மணி நேர விசாரணை. குற்றக் கும்பல்கள் உள்ளே நுழையாமல் காக்கிறார்களாம். முடிவில் அதிகாரி கை குலுக்கினார்: "கோபிக்காதே. இங்கே யாரையும் சும்மா உள்ளே விடமாட்டோம்."

பை

என் எட்டாம் மேசைக்கு ஒருவர் விளையாட்டுப் பையோடு வருவார். உள்ளே றப்பர் வளையம் போட்ட இருபது டொலர்க் கட்டுகள். அவற்றைக் கொடுத்து, காசுக்குப் பதிலாக மேசையில் வைத்து ஆடும் வில்லைகளான சிப்ஸ் வாங்குவார். இரண்டு ஆட்டம் ஆடுவார். மிச்சச் சிப்ஸைத் திருப்பிக் கொடுத்து, கசினோவின் காசோலையோடு போவார். அழுக்குப் பணத்துக்கு நாங்கள் சலவைக்காரர்.

மேற்பார்வையாளர் எங்கள் தமிழர்தான், வோபர்ன் பக்கம் குடியிருக்கும் ரவி அண்ணை. அவரிடம் சொன்னேன். அவர் பையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "தம்பி, நீர் சீட்டைப் போடும். பையைப் பாக்க மேல ஆக்கள் இருக்கினம்."

மேலே உள்ளவர்கள்

சூதாட்டத்தைக் கண்காணிக்கும் அரசாங்கப் பரிசோதகர் வந்தபோது அவரிடமே சொன்னேன். கவனமாகக் குறித்துக்கொண்டார். அடுத்த கிழமை கசினோ நிர்வாகத்திடமிருந்து எனக்கு எச்சரிக்கைக் கடிதம்: அனுமதியில்லாமல் பரிசோதகரோடு பேசியது பிழை. பைக்காரருக்கு இலவச இராச்சாப்பாடு.

அவர் சாப்பிட்டுவிட்டு, பல்லைக் குத்திக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "என்னைப் பற்றி விசாரித்தாயாமே. அடுத்த முறை என்னையே கேள்."

பதினேழாம் கேள்வி

உரிமத்தைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. படிவத்தில் பதினேழாம் கேள்வி: குற்றவாளிகளோடு பழக்கம் உண்டா?

எல்லாரும் 'இல்லை' என்றுதான் எழுதுவார்கள். நானும் இரண்டு முறை எழுதியவன்தான். இந்த முறை கை மறுத்துவிட்டது. 'உண்டு' என்று எழுதினேன். விவரம் கேட்டிருந்த இடத்தில், 'எட்டாம் மேசையில், கிழமைக்கு ஐந்து நாள், பின்னேரம் இரண்டிலிருந்து பத்துவரை.'

பையைப் பற்றி ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. உரிமத்தை இரத்துச் செய்த கடிதம்தான் வந்தது. மனைவி அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"உள்ளதை உள்ளபடி எழுத உது என்ன அகதிக் கேஸே?"

குற்றக் கும்பலோடு தொடர்பு வைத்திருந்ததற்காக அந்தக் கட்டடத்திலிருந்து இன்றுவரை வெளியேற்றப்பட்டவன் நான் ஒருவன்தான்.